ருசி சொல்ல வந்தவள்

அப்பாவின் இடது காலைத் தூக்கி வேனுக்குள் வைப்பதற்குள் செவ்ரீனுக்கு மூச்சு வாங்கியது. கால் ஒன்றும் கனமில்லை. கனமில்லாமல் இருந்ததுதான் காரணம். பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டு, அதற்கு மேல் கம்பளி, காலில் வீட்டுச் செருப்பு. அப்பா ஜெர்வே என்றால் லேயோன் ஆற்றங்கரை முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்ட ஆளாகத்தான் தெரியும்.

"நர்ஸ் என்ன சொல்லிட்டுப் போனான்னு ஞாபகம் இருக்குல்ல?" அம்மா சொலாஞ் வாசலில் நின்றபடி கேட்டாள். ஏப்ரனைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"கட்டிலை விட்டு எறக்கக் கூடாதுன்னா," என்றார் அப்பா. தொண்டையில் வளர்ந்த கட்டி அவர் குரலைத் தின்றுவிட்டுக் காற்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. "வேன்ல ஏத்தக் கூடாதுன்னு சொல்லல. கதவைச் சாத்து, செவ்ரீன்."

அவள் சாத்தினாள். முற்றத்தின் எதிர்ப்பக்கம், ஒயின் தொட்டிகள் இருந்த கொட்டகையின் வாசலில் அண்ணன் லூதோ ஒரு ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். உதவிக்கும் வரவில்லை, தடுக்கவும் இல்லை. வேன் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

அக்டோபர் கடைசி. ஆற்றுப் பக்கமிருந்து எழுந்த பனிமூட்டம் சரிவின் பாதி வரை ஏறி, மேலே ஏற மனமில்லாதது போல் அங்கேயே கிடந்தது. இந்த மூட்டம்தான் இங்கே சோறு போடுவது. காலையில் மூட்டம், மதியம் வெயில், இரண்டும் மாறி மாறி வந்தால்தான் திராட்சையின் மேல் அந்தச் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய பழத்தில்தான் இனிப்பு ஒயின். மற்ற ஊர்க்காரர்கள் அறுவடை முடித்துக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது இந்த ஊரில் பழம் அழுகுவதற்காகக் காத்திருப்பார்கள்.

செவ்ரீன் பிரெஸ்த் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அம்மா போன் செய்து, "உன்னைக் கேக்கறாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் லீவு சொல்லிவிட்டு வந்தாள். வந்து நாலைந்து நாளாகிறது. அப்பா எதற்காகக் கேட்டார் என்பது இதுவரை தெரியவில்லை.

"மெதுவாப் போ. பள்ளத்துல எறக்காத. இது பஸ் இல்ல."

"தெரியும்ப்பா."

ஆற்றுப் பாலத்துப் பக்கம் இரண்டு கார்கள் ஓரங்கட்டி நின்றிருந்தன. தோட்டம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். ஒருவன் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒரு கொத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"நல்லா எடுக்கறான்," என்றார் அப்பா. "அந்த முட்டியை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருக்கச் சொல்லு. பறிக்கறதுன்னா என்னன்னு தெரியும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அவள் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. துணியால் வாயைத் துடைத்துவிட்டாள். போ போ என்று கையைக் காட்டினார்.

ஒவ்வொரு துண்டு நிலத்தின் முன்னாலும் நிறுத்தச் சொன்னார். எங்கேயும் எதுவும் பேசவில்லை. கண்ணாடியை இறக்கச் சொல்லி, பார்த்து, ஏற்றச் சொன்னார். பக்கத்துத் தோட்டக்காரர் நோர்பேர் வரிசைக்குள்ளிருந்து இவர்களைப் பார்த்துவிட்டார். கத்தரிக்கோலைப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு, டிராக்டரின் இருக்கைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு, நொண்டியபடி ஓடி வந்தார்.

"என்னடா ஜெர்வே! செத்துப்போயிட்டேன்னு சொன்னாங்களே?"

"சாயங்காலத்துக்கு வச்சிருக்கேன். காலையில நிறைய ஜோலி."

"பறிப்பு முடியற வரைக்கும் தள்ளிப் போடேன். உனக்குக் குழி தோண்ட ஆள் கிடைக்காது இப்ப."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோர்பேர்தான் முதலில் கண்ணை விலக்கினார். பாட்டிலின் தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தார். ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி, சுண்டுவிரலை நனைத்து அப்பாவின் உதட்டில் தடவினார், குழந்தைக்குத் தேன் வைப்பது போல. அப்பா நாக்கை வெளியே நீட்டி உதட்டை நக்கினார்.

"போன வருசத்தோடதா?"

"ஆமா."

"மட்டம்."

"நாசமாப் போ," என்று சொல்லிவிட்டு நோர்பேர் கிளாஸை நிறைத்து, அப்பாவின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி செவ்ரீனிடம் கொடுத்தார். "இந்தா. நீ சொல்லு, மட்டமா?"

"வண்டி ஓட்டறேன், நோர்பேர்."

"இது ஒரு வண்டியா? மாட்டு வேகத்துல போற. ஒரு வாய்."

"வேண்டாம்."

இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கிளாஸ் அவள் முகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. உள்ளே இருந்ததன் நிறம் அவளுக்குத் தெரிந்தது, மார்மலேட் நிறம். நோர்பேர் தோளைக் குலுக்கிக்கொண்டு தானே குடித்துவிட்டார். அப்பா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக மேலே, சரிவின் உச்சியில் இருந்த துண்டுக்குப் போனார்கள். அங்கே மூட்டம் எட்டவில்லை, வெயில் அடித்தது. ஒரு கொத்து கொண்டுவரச் சொன்னார். அவள் இறங்கிப்போய், தண்டைக் கிள்ளிக் கொண்டுவந்தாள். பழங்கள் ஊதா நிறத்தில் சுருங்கி, மேலே சாம்பல் பூத்து, தொட்டால் பிசுபிசுத்தன. அப்பா ஒன்றைப் பிய்த்து விரல்களுக்கு நடுவே நசுக்கினார். பிசின் நூல் போல் இழுத்தது. விழுங்க அவருக்கு வழியில்லை; தண்ணீரே குழாய் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றைப் பிய்த்து அவளிடம் நீட்டினார்.

"சொல்லு."

அவள் வாயில் போட்டுக்கொண்டாள். பழம்தானே. கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்ல தேன். இல்ல, தேன் இல்ல, தேன்மெழுகு. அப்புறம் காஞ்ச ஆப்ரிகாட். கடைசியில ஒரு புளிப்பு... பின்பல்லுகிட்ட. ஈர இலைக்கு அடியில காளான் இருக்குமே, அந்த வாசனை கொஞ்சம். தோல் இன்னும் கசக்குது. ரெண்டு நாள் போகணும்."

கண்ணைத் திறந்தபோது அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவள் பதினாறு வருடமாகப் பார்க்காத ஒன்று இருந்தது.

"ரெண்டு நாள்," என்றார். "நானும் அதான் நெனச்சேன். லூதோ இன்னிக்கே பறிக்கணுங்கறான்." மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "இந்த வாய் எனக்கு அப்புறம் உனக்குத்தான் இருக்கு. அவனுக்கு இல்ல. அவன் உழைப்பான், பாவம்."

"அப்பா..."

"தொட்டியில பொங்கிட்டிருக்கு பாரு, அது இதே சரிவோடது. முதல் பறிப்பு. பொங்கறதை இன்னிக்கு நிறுத்தறதா நாளைக்கா, யாருக்கும் தெரியல. முன்னாடி நிறுத்தினா பாகு. பின்னாடி நிறுத்தினா சாராயம். இதுவரைக்கும் நான்தான் சொன்னேன்." கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் முழங்காலில் வைத்தார். "அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் பாத்துச் சொல்லு."

செவ்ரீன் வண்டியைக் கிளப்பினாள்.

பேருந்தில் ஒரு கருவி உண்டு. காலையில் ஓட்டுநர் ஒரு குழாயில் ஊத வேண்டும். மூச்சில் மது இல்லாமல் சுத்தமாக இருந்தால்தான் இன்ஜின் கிளம்பும். மற்ற ஓட்டுநர்கள் அதைத் திட்டிக்கொண்டே ஊதுவார்கள். அவளுக்கு அது பிடிக்கும். வேறு யாரும் எழாத நேரத்தில் ஒரு யந்திரம் அவளை நம்பிப் பச்சை விளக்கைப் போடுகிறது. அவள் குடியை விட்டவள் என்று பிரெஸ்த்தில் வேலை செய்யும் இடத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் வாழ்க்கையில் அது தெரியாத ஒரே இடம் இந்த வீடுதான்.

தெரியாது என்றும் சொல்ல முடியாது. இருபது வயதிலிருந்து, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் வேலை அவளுடையதாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஊற்றும்போது தனக்கும் கொஞ்சம். பிறகு அவர்கள் வருவதற்கு முன்னால். பிறகு விடிவதற்கு முன்னால், பீப்பாயிலிருந்தே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க, தட்டும் கிளாஸுமாக நிலவறைப் படியில் தலைகுப்புற விழுந்தாள். தாடையில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா ஊராரிடம் சொல்லி முடித்திருந்தாள்: படி ஈரமா இருந்துச்சு. அடுத்த மாதம் செவ்ரீன் ஊரை விட்டுப் போனாள். அதற்கு அப்புறமும் எட்டு வருடம் குடித்தாள், பிறகு நிறுத்தினாள். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் அவள் தட்டுக்குப் பக்கத்தில் கிளாஸ் நிறைந்தபடி இருக்கும். நிறைந்தபடியே திரும்பிப் போகும். அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போவாள்.

வீட்டில் லூதோதான் அப்பாவை இரண்டு கையிலும் ஏந்தி மாடிக்குத் தூக்கிப் போனான். கட்டிலில் கிடத்திவிட்டு, போனை எடுத்து நீட்டினான்.

"பரிசோதனைக் கூடத்துலேர்ந்து வந்திருக்கு. சர்க்கரை எவ்வளவு, சாராயம் எவ்வளவு, எல்லாம் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் நிறுத்திடலாம்பா."

"நம்பரை நக்கிப் பாத்தியாடா?"

"தொட்டியையும் பாத்தேன். காலையிலேயே."

"அவ பாக்கட்டும். போய் ஒரு கிளாஸ் பிடிச்சுட்டு வா."

லூதோவின் கழுத்து சிவந்தது. ஐம்பது வயதை நெருங்குகிறவன். ஒரு நாளும் இந்த வீட்டை விட்டுப் போகாதவன். தங்கையை ஒருமுறை பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. பிறகு கனத்த காலடியோடு படியிறங்கிப் போனான்.

அம்மா தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். செவ்ரீன் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் குடிக்கறதில்ல."

"குடிக்கச் சொல்லல. வாயில வச்சுத் துப்பு."

"துப்ப மாட்டேன்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"என்னால துப்ப முடியாதுப்பா. வாயில வச்சா முழுங்கிடுவேன். ஒரு தடவை முழுங்கினா அந்தத் தொட்டி காலியாகற வரைக்கும் நான் கீழதான் கிடப்பேன். எனக்கு என்னைத் தெரியும்."

"என்ன பேச்சு இதெல்லாம், இப்பப் போய்," என்றாள் அம்மா. "என்னிக்கோ படி ஈரமா இருந்துச்சு..."

"படி ஈரமா இல்லம்மா."

அப்பாவின் கண்கள் அவளைவிட்டு அகலவில்லை.

"யார் சொன்னா உனக்கு இப்படின்னு? டாக்டரா?"

"யாரும் சொல்ல வேண்டாம்ப்பா."

"எங்கப்பன் குடிச்சான். நான் குடிச்சேன். நாம இதைச் செய்யறவங்க. இந்த வீட்டுல அந்த வியாதி யாருக்கும் கிடையாது."

"எனக்கு இருக்கு."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காலையில் அவள் முழங்காலில் வைத்த அதே கை, போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. பாதி பொங்கிய ஒயின். கலங்கலாய், வெதுவெதுப்பாய், ஈஸ்ட்டும் ஆப்ரிகாட்டும் ரொட்டி அடுப்பும் சேர்ந்த மணம். கதவு திறந்ததும் அறை முழுக்க அதுவாகிவிட்டது. மருந்து வாடை, நோய் வாடை எதுவும் மிஞ்சவில்லை. செவ்ரீனுக்கு வாயில் நீர் ஊறியது. பயத்தால் இல்லை, துக்கத்தால் இல்லை, வெறும் ஆசையால். சாகக் கிடக்கிற அப்பாவின் முன்னால் நின்றுகொண்டு, லூதோவின் கையிலிருந்த கிளாஸைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே பாரு, லூதோ," என்றாள். "நீ பாத்து அவர்கிட்டச் சொல்லு."

அவனைத் தாண்டி, படியில் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு இறங்கினாள். முற்றத்துக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். ஒன்றும் குடிக்காத வாயை.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெல்ஜியம் நம்பர். கழுத்தில் மஞ்சள் துண்டு சுற்றிய பெண் ஒருத்தி வரைபடத்தோடு இறங்கினாள். பின்னாலேயே அவள் கணவனும்.

"ருசி பார்க்கலாம்னு ரோட்டுல பலகை இருந்துச்சே?"

"இன்னிக்கு முடியாதுங்க. வீட்டுல உடம்பு சரியில்ல."

"அய்யோ, மன்னிச்சிடுங்க. அப்போ சும்மா கொடியை மட்டும் பாத்துட்டுப் போறோமே?" என்றான் அவன். "ரெண்டு நாளா இந்த ஆத்தோரமாவே ஒவ்வொரு தோட்டமா பாத்துட்டு வர்றோம். எல்லாரும் அழுகல் அழுகல்ங்கறாங்க. ஒருத்தரும் காட்ட மாட்டேங்கறாங்க."

மாடிக்குத் திரும்பிப் போகாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. அவர்களைக் கூட்டிக்கொண்டு சுவரை ஒட்டியிருந்த வரிசைக்குப் போனாள். கொத்தைத் தூக்கிக் காட்டினாள். இது கெட்டது இல்லை, இதுதான் நல்லது. ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பறிப்போம், ஒரே கொடிக்கு நாலு தடவை திரும்பி வருவோம் என்றாள். வார்த்தைகள் அத்தனை வருடத்துக்குப் பிறகும் வரிசை மாறாமல் வந்தன. எங்கே நிறுத்தினால் ஆச்சரியப்படுவார்கள், எங்கே சிரிப்பார்கள் என்பதுகூட.

மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். திரைச்சீலை வெளியே வந்து ஆடியது. ஆள் யாரும் தெரியவில்லை.

"எங்க வீட்டுல திராட்சை இப்படி ஆச்சுன்னா நேரா குப்பைக் கூடைதான்," என்றாள் மஞ்சள் துண்டுக்காரி. "எங்கம்மா எடுத்து வச்சா மட்டும் இவரு அதையும் பேசாம திம்பாரு."

செவ்ரீன் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"இங்கேர்ந்து அடுத்தாப்பல எங்க போகலாம்?" என்று கணவன் கேட்டான்.

"மேல உச்சிக்குப் போனீங்கன்னா சரிவு முழுக்கத் தெரியும். பாலத்தைத் தாண்டினதும்..."

மறுபடியும் ஜன்னல். இந்த முறை அம்மாவின் கை தெரிந்தது. கை வெளியே நீண்டு, சுவரோடு சாய்ந்திருந்த ஜன்னல் மரக்கதவு ஒன்றைக் கொக்கியிலிருந்து எடுத்து இழுத்துச் சாத்தியது. பிறகு மற்றதை. பட்டப்பகலில், நல்ல வெயிலில். அந்தப் பக்கத்தில் படுக்கையறை மரக்கதவைப் பகலில் சாத்துவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான்.

"...தாண்டினதும் இடது பக்கம்," என்றாள் செவ்ரீன். "சின்ன ரோடுதான். வண்டி போகும்."

அவர்கள் நன்றி சொன்னார்கள். உடம்பு சரியில்லாதவர் சீக்கிரம் குணமாகட்டும் என்றாள் அந்தப் பெண். கார் வாசலைத் தாண்டிப் போகும்வரை செவ்ரீன் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கீழே இறக்கியபோதும் கொத்து அதில்தான் இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

இருட்டாக்கிய அறையில் அம்மா மட்டும் இருந்தாள். அப்பாவின் தாடையை ஒரு கைக்குட்டையால் கட்டிக்கொண்டிருந்தாள். அறையில் எந்த வாசனையும் இல்லை; வெளிக்காற்றின் குளிர் மட்டும் இருந்தது.

"எங்க போன?" என்று கேட்டாள் அம்மா. கோபமாக இல்லை. காணாமல் போன ஒரு பொருளைப் பற்றிக் கேட்பது போல.

"கீழ. யாரோ வந்தாங்க."

"லூதோவும் இல்ல. கொட்டகையில இருக்கான். போய்ச் சொல்லு."

அவள் சொல்லப் போனபோது லூதோ தொட்டியின் ஏணியில் உட்கார்ந்திருந்தான். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள்ளேயே தெரிந்துகொண்டான். மேலே போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, பொங்குவதை நிறுத்தக் குளிரூட்டும் யந்திரத்தை ஓடவிட்டு, கந்தகத்தை எடைபோட ஆரம்பித்தான். டாக்டர் வந்தார், நோர்பேர் வந்தார், அத்தைமார் வந்தார்கள். அப்பாவுக்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டு எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது கீழே யந்திரத்தின் இரைச்சல் தரை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. "அப்பன் மேல கிடக்கான், மகன் கீழ வேலை பாக்கறான்," என்று ஓர் அத்தை முணுமுணுத்தாள். செவ்ரீன் காதில் வாங்காதது போல் இருந்தாள். நிறுத்துவதென்றால் அன்றைக்குத்தான் நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டுமா என்பதைச் சொல்லக்கூடிய இரண்டு வாய்களில் ஒன்று கட்டப்பட்டிருந்தது.

அடக்கத்தன்று மூட்டம் விலகவே இல்லை. பறிக்கிற ஆட்கள் பூட்ஸோடேயே சர்ச்சுக்கு வந்து, பின்வரிசையில் நின்று, பூசை முடிந்ததும் வரிசைகளுக்குத் திரும்பிப் போனார்கள். கல்லறை மதிலுக்கு அந்தப் பக்கம் கொடிகள். பெட்டி குழிக்குள் இறங்கும்போது கத்தரிக்கோல்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு எல்லாரும் நிலவறைக்கு வந்தார்கள். வேறெங்கே போவார்கள்? நீள மேசையில் பன்றி இறைச்சி, ரொட்டி, பாலாடைக்கட்டி. அப்பா ஒவ்வொரு வருடமும் செய்த ஒயின் எல்லாம் வரிசையாகத் திறந்து நின்றது. ஆளுக்கொரு கிளாஸ். ஒவ்வொருவரும் மூக்கருகே கொண்டுபோய், முகர்ந்து, தலையை ஆட்டி, அப்பாவைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள். சிரிப்பும் கேட்டது. அந்த ஊரில் ஒருவரை வழியனுப்புவது அப்படித்தான்.

செவ்ரீன் சுவரோரம் நின்றாள். மூச்சை வாயால் இழுத்துக்கொண்டிருந்தாள். நோர்பேர் கண் சிவந்து, இரண்டு கிளாஸோடு வந்தார்.

"இன்னிக்கு நீ வண்டி ஓட்டல."

"நோர்பேர், வேண்டாம்."

"நீ பொறந்த வருசத்தோடது. உங்கப்பன் உனக்காகத்தான் எடுத்து வச்சிருந்தான், தெரியுமா? உன் கல்யாணத்துக்குத் தொறக்கணும்னான். அப்புறம் நீ வந்தா தொறக்கணும்னான்." கிளாஸை அவள் கையில் திணித்து விரல்களை மூடினார். "ஒரு வாய். அவனுக்காக. இதுக்குக்கூடவா மாட்டேங்கற?"

பக்கத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிளாஸ் அவள் கையில் இருந்தது. பழுப்பேறிய பொன். ஆரஞ்சுத் தோல், புகையிலை, பழைய மர அலமாரி. முகராமலே எல்லாம் தெரிந்தது. கை தானாக மேலே வந்தது. எவ்வளவு தூரம் வந்தது என்று பின்னால் யோசித்தபோது அவளுக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

லூதோ குறுக்கே வந்தான். கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கினான். முகரவும் இல்லை, சுவைக்கவும் இல்லை. தண்ணீர் போல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெற்றுக் கிளாஸை நோர்பேரிடம் கொடுத்தான்.

"டேய், அது அந்த வருசத்து..." என்று நோர்பேர் வாயைப் பிளந்தார்.

"வா, ஒரு கை பிடி," என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தான்.

கொட்டகையில் பிடிக்க ஒன்றும் இல்லை. தொட்டி குளிர்ந்து, மேலே வியர்த்து நின்றது. பொங்கும் சத்தம் அடங்கியிருந்தது. லூதோ முதுகைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டான். டையை இழுத்துத் தளர்த்தினான்.

"அன்னிக்கு நான் கிளாஸைக் கொண்டுபோனேன்ல, அவரு மூக்குகிட்டகூட வாங்கல. கையால ஒரு தள்ளு. பாதி என் சட்டையில."

"தெரியும். உன் சட்டையைப் பாத்தேன்."

"நான் பாத்துச் சொன்னா கேக்கக்கூட மாட்டாரான்னு கோவம். கீழ வந்துட்டேன். அப்படியே உக்காந்திருந்தேன்." மூக்கை உறிஞ்சினான். "அம்மா நேத்துதான் சொன்னாங்க. நான் போனதும் ஜன்னலைத் தொறக்கச் சொன்னாராம். ஒயின் வாடை போகட்டும்னாராம். போனப்புறம் அவளைக் கூப்பிடுன்னாராம்."

செவ்ரீன் தரையைப் பார்த்தாள். சிமெண்டில் தண்ணீர் ஓடிய தடம் இருந்தது.

"அம்மா கூப்பிடலையே."

"கூப்பிடலாம்னுதான் எட்டிப் பாத்தாங்களாம். நீ யாருக்கோ கொடியைக் காட்டிச் சிரிச்சுப் பேசிட்டிருந்தியாம். சரி, வாடை இன்னும் கொஞ்சம் போகட்டும்னு நின்னாங்களாம். திரும்பிப் பாத்தா..."

நிலவறைப் பக்கமிருந்து யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க அம்மா," என்றான் லூதோ. "சொல்லாம எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் தலையை ஆட்டினாள். அவன் உள்ளங்கையைத் தொட்டியின் மேல் வைத்து, காய்ச்சல் பார்ப்பவன் போல் நின்றான்.

"சரியான நேரத்துலதான் நிறுத்தினேனான்னு தெரியல, செவ்ரீன்."

"எப்பத் தெரியும்?"

"வசந்தத்துல. அப்பவும் மத்தவங்கதான் சொல்லணும்."

அவள் அவனுக்குப் பக்கத்தில் வந்து, தானும் தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். சட்டையைத் தாண்டிக் குளிர் ஏறியது. பிறகு யாரோ லூதோவைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் டையை மறுபடி இறுக்கிக்கொண்டு போனான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் ஆட்கள் கலைந்தார்கள். அத்தைமார் கிளாஸ்களைத் தட்டு தட்டாகச் சமையலறைக்குக் கொண்டுவந்து மேசையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். மேசை கொள்ளாமல் ஜன்னல் விளிம்பிலும் நாற்காலிகளிலும் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரல், அரை விரல் மிச்சம். சிலதில் உதட்டுச்சாயம்.

செவ்ரீன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றாள். வெந்நீரைத் திறந்தாள். முதல் கிளாஸை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். சூடு பட்டதும் மிச்சம் ஆவியாக எழுந்து முகத்தில் அடித்தது. அவள் கிளாஸைக் கவிழ்க்கவில்லை. தண்ணீர் நிரம்பி வழிந்து, கையில் ஓடி, சூடு தாங்காமல் விரல் சிவக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா உள்ளே வந்தாள். கறுப்பு உடைக்கு மேல் ஏப்ரனைக் கட்டினாள். மகளின் முதுகைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். வந்து குழாயை மூடினாள்.

"தள்ளு."

"நான் கழுவறேன்மா. நீங்க போய்ப் படுங்க."

"தள்ளுங்கறேன்ல."

இடுப்பால் மெல்ல இடித்து அவளை ஓரத்துக்கு நகர்த்தினாள். கொடியில் தொங்கிய துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஈரமும் குளிருமாக மூட்டம் உள்ளே வந்தது. பிறகு, மேசையிலிருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, மிச்சத்தைச் சாக்கடைத் துளையில் ஊற்றி, ஊற்றியதன் மேலேயே குளிர்ந்த நீரை ஓடவிட்டாள். நிறைய சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அலசினாள். திரும்பவும் அலசினாள்.

செவ்ரீன் துண்டோடு கையை நீட்டினாள். அம்மா உடனே கொடுக்கவில்லை. ஈரக் கிளாஸை மூக்கருகே தூக்கி, கண்ணை மூடி முகர்ந்து பார்த்தாள். பிறகு கொடுத்தாள். அடுத்ததையும் அப்படியே. மூன்றாவதை முகர்ந்துவிட்டு நெற்றியைச் சுருக்கி, மறுபடியும் தண்ணீரில் முக்கினாள்.